சாப்பாட்டு வீடு

வாயைத் திறக்க முடியாது. பால்ச்சாமி மேலுதடு வரைக்கும் நுரையை அப்பி வைத்திருக்கிறான், திறந்தால் சோப்பு உள்ளே போகும், போன ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போய் அன்றைக்குப் பூரா காப்பி வாயில் கசந்தது. பெஞ்சில் காத்திருக்கிற இவர்களுக்கும் அது தெரியும். நான் நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, வெள்ளைத் துணி கழுத்துக்கு வந்து, பிரஷ் கன்னத்தில் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் ஜமால் தொண்டையைச் செருமினான். கள்ளன். நான் பேச முடியாத பத்து நிமிஷத்துக்குள் பேச்சை முடித்துவிடலாம் என்று பார்க்கிறான். இருபத்தாறு வருஷமாக வராகநதி கூடைப்பந்துக் கழகத்தின் ஒரு ஆட்டத்தையும் விடாதவன் நான், பார்வையாளர் காலரியில் நான் எழுந்து கத்தினால்தான் மற்றவர்கள் கத்துவார்கள், உரக்கடை சௌந்தரபாண்டி என்றால் எதிரணிக்காரனுக்கே தெரியும், என்னை நுரைக்குள் உட்கார வைத்துவிட்டு இன்னாசிமுத்துவை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று பேசுகிறார்கள். பேசட்டும். கடைசியில் என்னிடம்தான் வந்தாக வேண்டும். எங்கள் கழகத்தில் அப்படி ஒரு வழக்கம், இறுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களில் இரண்டு முடிந்து மூன்றாவது தொடங்கும் முன் காலரிக்காரர்கள் ஐந்து பேர் கூடி, அடுத்த வருஷத்துக்கு எந்த வெளியூர் ஆட்டக்காரன் இருக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஜெயித்த பிறகு கேட்டால் எல்லாரையும் வைத்துக்கொள் என்போம், தோற்ற பிறகு கேட்டால் எல்லாரையும் துரத்து என்போம், அதனால் நடுவிலேயே கேட்டுவிடு என்று பழைய தலைவர் ஒருவர் வைத்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை பால்ச்சாமி கடையை விட்டு நகர முடியாது, அதனால் கூட்டம் அவன் கடையிலேயே. முதல் ஆட்டத்தில் மில் அணியை நான்கு புள்ளியில் ஜெயித்தோம். நேற்று பதினொன்றில் தோற்றோம். இன்று சாயங்காலம் மூன்றாவது. ஜமாலும் வீரணனும் இந்த வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கோயம்புத்தூர்ப் பிரணவ் இன்னாசி இடத்துக்கு வரட்டும் என்கிறார்கள். பால்ச்சாமியும் தனுஷ்கோடியும் இன்னாசியே இருக்கட்டும் என்கிறார்கள். ஐந்தாவது ஆள் நான். நான் சொல்லப்போவது காலையில் பல் விளக்கும்போதே தயார். மூன்றே வார்த்தை. இன்னாசிக்குக் கால் போச்சு. போயிருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிவிட்டால் போனதுதான், முப்பத்துமூன்று வயதுக்காரனின் காலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் செயலாளர் வேறு யாரையும் கேட்க மாட்டார்.

கண்ணாடியில் தனுஷ்கோடி தெரிகிறான். என் தலைக்குப் பின்னால் பெஞ்சில், கால்களைச் சேர்த்து வைத்து, மடியில் மடித்த கைக்குட்டையோடு. பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலரியில் எனக்கு இரண்டு படி கீழே உட்காருவான், ஒரு நாளும் கத்தியதில்லை, பந்து வளையத்துக்குள் விழுந்தால் தன் தொடையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். முப்பது வருஷமாகத் தெரியும், முப்பது வருஷத்தில் இவனைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு ஒன்றும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. படுத்தால் புரண்டு புரண்டு படுக்கிற அளவுக்கு இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில், பேரன் எடுத்தவனுக்கு, இன்னொருத்தன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று வயிறு எரிகிறது, இதை யாரிடம் சொல்ல? இன்னாசி அவன் வீட்டில் சாப்பிடுகிறான். சீசன் மூன்று மாசமும் வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு சாப்பாட்டு வீடு உண்டு, தங்கல் லாட்ஜில், சாப்பாடு வீட்டில், யார் வீட்டில் எந்த ஆட்டக்காரன் என்பது கழகத்துப் பலகையிலேயே எழுதிப் போட்டிருக்கும். ஆறு வருஷம் இன்னாசிமுத்து என்ற பெயருக்கு நேராக என் பெயர் இருந்தது. கடற்கரைக்காரன், மீன் இல்லாமல் சோறு இறங்காது என்று காந்திமதி தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டாள், என் சம்சாரம் எனக்காகக்கூட அப்படி ஒன்றைக் கற்றுக்கொண்டதில்லை. ஆட்ட நாளில் மட்டும் மீன் கிடையாது, எலுமிச்சம்பழச் சாதம், அவித்த முட்டை, கெட்டித் தயிர். தலைவாழை இலைதான் போடுவோம், ஆறடி நாலங்குலத்துக்காரனுக்குத் துண்டு இலை போதாது. கூடத்தில் பாய் விரித்து இலைக்கு முன்னால் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கூடமே நிறைந்துவிடும். நானும் பக்கத்தில் உட்காருவேன். என் வீட்டில் மேசை கிடையாது, என் அப்பா காலத்திலிருந்து தரைதான், தரையில் உட்காருகிறவன்தான் வீட்டு மனுஷன் என்று நான் அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். போன வருஷம் இறுதி ஆட்டத்தன்று மத்தியானம், சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும்போது என் தோளில் கையை வைத்தான். சும்மா தொட்டது இல்லை, நன்றாக அழுத்தி வைத்தான், எழுந்து நின்ற பிறகும் எடுக்கவில்லை. பெற்ற மகன் சென்னையிலிருந்து வந்தால் தூரத்தில் நின்று சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கிறான், இவன் யார் பெற்ற பிள்ளையோ, தோளில் கை வைக்கிறான். இதை நான் ஜமாலிடம் சொன்னேன். வீரணனிடம் சொன்னேன். உரம் வாங்க வந்த சம்சாரிகளிடம் சொன்னேன். இதே நாற்காலியில் உட்கார்ந்து பால்ச்சாமியிடம் மாசத்துக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். தனுஷ்கோடியிடமும் சொன்னேன், தலையை ஆட்டினான், அப்போதே மனசுக்குள் கண் வைத்திருப்பான். இந்த வருஷம் சீசன் ஆரம்பித்த அன்றைக்கு இன்னாசி வந்து வாசலோடு நின்றான். செருப்பைக் கழற்றவில்லை. இந்தத் தடவை தனுஷ்கோடி அண்ணன் வீட்டுல சாப்பிட்டுக்கிறேண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க என்றான். ஏன் என்று கேட்டேன். சும்மாதாண்ணே என்றான். உள்ளே காந்திமதி குழம்பைக் கொதிக்க விட்டிருந்தாள், வாசனை வாசல் வரை வந்தது, அவனுக்கும் வந்திருக்கும். சும்மாவாம். ஆறு வருஷத்தைச் சும்மா என்ற ஒரு சொல்லில் துடைத்துவிட்டுப் போய்விட்டான். காந்திமதி அன்றைக்குக் குழம்பைத் தொடவில்லை, நான் மட்டும் உட்கார்ந்து தின்றேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை. தனுஷ்கோடி வீட்டில் சாப்பாட்டு மேசை இருக்கிறது. மகள் கல்யாணத்தின்போது வாங்கியது, ஆறு நாற்காலி, மேலே கண்ணாடி. அந்த மேசைக்கு மயங்கித்தான் போனானோ என்று ஒரு நாள் நினைத்தேன். இல்லை, தனுஷ்கோடி சம்சாரம் இந்திராணியின் கைப்பக்குவமோ என்று ஒரு நாள். அவர்கள் தெரு வழியாக எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் மத்தியானம் ஒரு மணிக்கு வண்டியை அந்தப் பக்கம் விட்டுப் பார்த்திருக்கிறேன், ஜன்னல் வழியாக அவன் தலையும் முதுகும் தெரிந்தன, என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். என் வீட்டில் அவன் அப்படிச் சிரித்தானா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சாப்பிட்டான், நான் பேசினேன். நான்தான் பேசினேன்.

ஜமால் நேற்றைய ஆட்டத்தைப் பிட்டுப் பிட்டு வைக்கிறான். எலக்ட்ரிக் கடைக்காரன், எதையும் கழற்றிப் பார்க்காமல் விட மாட்டான். இன்னாசி நேற்று யாரும் மறிக்காத ஆறு ஃப்ரீ த்ரோவில் நான்கைத் தவறவிட்டானாம். ரீபவுண்டுக்கு, வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்துக்கு, எம்பவே இல்லையாம், கையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றானாம். நான்காவது குவார்ட்டரில் மில் அணிக்காரன் இவனைச் சுற்றிக்கொண்டு மூன்று தடவை உள்ளே புகுந்தானாம். எல்லாம் நானும் பார்த்ததுதான். சோம்பேறித்தனம், இந்திராணி ஆக்கிப்போட்ட சோறு கண்ணைக் கட்டுகிறது என்று மேலே இருந்து நானே முணுமுணுத்தேன், கத்தவும் செய்தேன், எம்புடா என்று, கேட்டிருக்கும். பிரணவுக்கு இருபது வயது, எம்பினால் முழங்கை வளையத்துக்குப் போகிறது, ஒரு வருஷம் இன்னாசிக்குப் பதில் அவனைப் போட்டு விளையாட விட்டால் அடுத்த ஐந்து வருஷம் கவலை இல்லை, வீரணன் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறான். சரியான பேச்சுதான். நான் இன்னாசி மேல் கோபம் இல்லாதவனாக இருந்தாலும் இது சரியான பேச்சுதான், அதுதான் எனக்கு வசதி. பால்ச்சாமி கத்தியை மாற்றிக்கொண்டே பதில் சொல்கிறான், முதல் ஆட்டத்துல கடைசி ரெண்டு நிமிஷம் யாரு நின்னா, அந்தக் கோயம்புத்தூரானா நின்னான், எல்லாரையும் இடம் மாத்தி நிறுத்துனது இன்னாசிதானப்பா என்கிறான். அதுவும் சரிதான். தனுஷ்கோடி மட்டும் பேசவில்லை. அவன் பேசாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேசாமல் இருப்பதாலேயே ஒருத்தன் பெரிய மனுஷனாகிவிடுவானா? எனக்கு வாய் சும்மா இருக்காது, உண்மை, அதனால் என்ன குறைந்துபோனது? நாலு வருஷத்துக்கு முந்தி அந்த அரையிறுதி. அதையே ஏன் நினைக்கிறேன்? எங்கள் அணியில் பந்தை எடுத்துப் போகிற கண்ணபிரானுக்குக் காய்ச்சல், இன்னாசியோடு என் வீட்டுக்கு வந்தவன் முற்றத்தில் வாந்தி எடுத்தான், நான் அதை டீக்கடையில் சொன்னேன். ஊர் பூரா கவலைப்படட்டும் என்று சொன்னேன். எனக்கு மட்டும் முதலில் தெரியும் என்று காட்டிக்கொள்ளச் சொன்னேன், சரி, அதுவும்தான். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவன் மில் அணிக்காரன் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் நிமிஷத்திலிருந்து கண்ணபிரானை ரெண்டு பேர் சேர்ந்து நெருக்கினார்கள், இடைவேளைக்குள் சுருண்டு விழுந்துவிட்டான். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. இன்னாசிதான் விடுங்கண்ணே என்றான். விடுங்கண்ணே என்றால் என்ன அர்த்தம்?

தலையை நிமித்துங்கண்ணே என்கிறான் பால்ச்சாமி. நிமிர்த்தினால் கத்தி தொண்டைக்கு வருகிறது, கண்ணாடியின் மேல்பாதிதான் தெரிகிறது, மின்விசிறி, காலண்டர், தனுஷ்கோடியின் தலை. அவன் போன் அடிக்கிறது. எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிறான், வீட்டிலிருந்துதான், ஆமா என்கிறான், பத்து பத்தரைக்கு இங்க வருவான், முடிவெட்டிட்டு நேரா அங்கதான் என்கிறான். என் காது நுரைக்கு வெளியேதான் இருக்கிறது. அப்புறம் இன்னும் குரலைத் தாழ்த்தினான். "அந்த முக்காலிய மேசைக்கு அடியில போட்டாச்சா? மறந்துராத. தலகாணியும்." அவ்வளவுதான், வைத்துவிட்டான். தலை குனிகிறது, கைக்குட்டையை மறுபடி மடிப்பான். முக்காலி. சாப்பாட்டு மேசைக்கு அடியில் முக்காலி எதற்கு? உட்கார நாற்காலி இருக்கிறது, ஆறு இருக்கிறது, முக்காலியில் எவன் உட்காருவான், அதுவும் அடியில். தலகாணி எதற்கு, சாப்பிடுகிற இடத்தில்? அடியில் போட்டால் அதில் வைக்க ஒன்றுதான் உண்டு. காலை வைக்கலாம். நீட்டி வைக்கலாம். என் மனசு அங்கே போய் நின்றுவிட்டது, பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. போன வருஷம் ஒரு நாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் இடது காலை மெல்லப் பக்கவாட்டில் நீட்டினான். என்னப்பா, சோத்துக்கு முன்னால காலை நீட்டுற என்று நான் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். காந்திமதி சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே காலை இழுத்து மடக்கினான், கையால் பிடித்து இழுத்து மடக்கினான். கையால். நேற்று எம்பவில்லை. எம்பிய ஒன்றிரண்டு தடவையும் வலது காலில்தான் இறங்கினான். ஃப்ரீ த்ரோ போடும்போது முழங்காலை மடக்காமல் குச்சி மாதிரி நின்று போட்டான். ஒரு மணி நேரம் கால் மடக்கி என் கூடத்தில் உட்கார்ந்து, நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு, எழுந்திருக்க வேண்டிய நேரம் வந்தால் பிடிப்பதற்கு என் வீட்டுத் தரையில் என்ன இருக்கிறது? என் தோள் இருக்கிறது. ஐயோ. அந்தக் கை. நான் தலையை அசைத்துவிட்டேன் போல, அண்ணே என்று பால்ச்சாமி கத்தியை எடுத்தான், தாடைக்குக் கீழே சுரீர் என்றது. ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கை, எழுந்திருக்கப் பிடித்த கை.

பால்ச்சாமி படிகாரக் கட்டியை வைத்து அழுத்துகிறான், எரிகிறது, எரியட்டும். கால் போச்சு என்று இட்டுக்கட்டிச் சொல்ல வந்தேன், நிஜமாகவே போயிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அவன் ஒருத்தனிடம் போயிருக்கிறான், என்னிடம் இல்லை. மேசைக்காகப் போகவில்லை, குழம்புக்காகப் போகவில்லை. சொன்னால் வெளியே போகாத வீடு எது என்று பார்த்துப் போயிருக்கிறான். இதற்கு மேசைக்குப் போயிருந்தாலே பரவாயில்லையே. மேசை நானும் வாங்கிவிடுவேன். தனுஷ்கோடியின் அந்த மூடின வாயை எங்கே போய் வாங்க? பெஞ்சில் அவன் கைக்குட்டையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்குகிறது, இத்தனை நாள் முக்காலி போட்டு, தலகாணி போட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்து, எல்லாம் தெரிந்துகொண்டே, காலரியில் எனக்கு ரெண்டு படி கீழே உட்கார்ந்து, நான் எம்புடா என்று கத்தியதையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்து முறைத்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. பெரிய மனுஷன். துணியால் முகத்தை ஒற்றி எடுத்துவிட்டான் பால்ச்சாமி. வாய் வெளியே வந்துவிட்டது. நாற்காலியைச் சுற்றித் திருப்புகிறான், எல்லார் கண்ணும் என் மேல். ஓரத்தில் தினசரியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் முறைக்குக் காத்திருக்கிறான், உள்ளூர் முகம் இல்லை, மில் அணி தங்கியிருக்கும் லாட்ஜ் எதிர்வரிசையில்தான். ஜமால் கேட்கிறான், "சொல்லுங்கண்ணே, நீங்க சொல்றதுதான. ஆளு ஓடுமா, ஓடாதா?"

ஓடாது. எனக்குத் தெரியும். இவர்கள் நாலு பேரில் இன்னொருத்தனுக்கும் தெரியும், அவன் கைக்குட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறான், முதல்முறையாகப் பார்க்கிறான், முகத்தில் பயம் தெரிகிறது, இவன் என்ன சொல்லித் தொலைப்பானோ என்கிற பயம். சொன்னால் இந்தத் தினசரிக்காரன் காது வழியாகப் போய், இன்றைக்குச் சாயங்காலமே மில் அணிக்காரர்கள் அந்த இடது பக்கமாகவே புகுந்து புகுந்து வருவார்கள். சொன்னால் அடுத்த வருஷம் அவன் பெயர் பலகையில் இருக்காது, யார் பெயருக்கு நேராகவும் இருக்காது, தனுஷ்கோடிக்கும் இல்லை எனக்கும் இல்லை. ஒரு நொடி அது இனித்தது, மறைக்கவில்லை, யாருக்கும் இல்லாமல் போகட்டும் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்து இனித்தது. சொல்லாவிட்டால் கழகத்துக்குப் பொய் சொல்கிறேன், இருபத்தாறு வருஷத்தில் கழகத்துக்கு நான் சொல்லாத பொய். பிரணவ் இன்னொரு வருஷம் பெஞ்சில் உட்காருவான். அவனுக்குக் கால் இருக்கிறது, உட்காரட்டும். இன்னாசி ஓடாவிட்டால் நின்றுகொண்டு மற்ற நாலு பேரை ஓட வைப்பான் என்றுகூட ஒரு நியாயம் தோன்றுகிறது, நியாயம் எதற்கும் தோன்றும். நான் சொன்னேன், "இன்னாசி இருக்கட்டும்." ஜமால் காத்திருந்தான். எல்லாருமே காத்திருந்தார்கள், நான் ஒன்று சொன்னால் பின்னால் அரை மணி நேரத்துக்குக் காரணம் வரும் என்று பழக்கம். என்னண்ணே, அவ்வளவுதானா என்றான் வீரணன். அவ்வளவுதான் என்றேன். பேச எவ்வளவோ இருந்தது, இந்த ஊரிலேயே எனக்குத் தெரிந்த மிகப் பெரிய விஷயம் வாய் கொள்ளாமல் இருந்தது, கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன். இனிமேல் இதை யாரிடமும் சொல்ல முடியாது. நான் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சொல்ல முடியாது, சொன்னால் சொன்னவனாகிவிடுவேன். தனுஷ்கோடிக்காவது வாயை மூடிக்கொண்டிருப்பவன் என்று ஒரு பெயர் இருக்கிறது, எனக்கு அதுவும் கிடைக்காது. காந்திமதியிடம்கூட, அன்றைக்கு அந்தத் தேங்காய்ப்பால் குழம்பைத் தொடாமல் இருந்தவளிடம்கூடச் சொல்ல முடியாது. ஜமால் போனை எடுத்துச் செயலாளரிடம் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாசலில் வெளிச்சம் குறைந்தது. இன்னாசிதான், நிலைக்குத் தலையைக் குனிந்து உள்ளே வருகிறான், எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறான், எனக்கும் ஒரு அரை வணக்கம், கண் என் மேல் நிற்கவில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆட்டம், அதற்கு முன்னால் முடி. பெஞ்சில உக்காரு தம்பி, இந்தா ஆச்சு என்கிறான் பால்ச்சாமி. பெஞ்சு ஒரு முழ உயரம்கூட இருக்காது. இன்னாசி அந்தப் பெஞ்சைப் பார்க்கிற பார்வையை நான் பார்க்கிறேன், அதில் உட்காருவதற்கும் அதிலிருந்து எழுவதற்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற பார்வை, போன வருஷம் என் கூடத்து வாசலில் நின்று பாயைப் பார்த்ததும் இந்தப் பார்வைதானே. நின்னுக்கிறேண்ணே என்கிறான். நான் வெள்ளைத் துணியை உருவிப் போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினேன். இன்னும் மீசை கத்தரிக்கவில்லை, ஒரு பக்கம் நீண்டு கிடக்கிறது. "நீ இங்க உக்காருப்பா. இது ஒசரம்." ஓரத்துத் தினசரிக்காரன் என் முறை என்று முனகினான், நான் திரும்பிப் பார்த்த பார்வையில் தினசரிக்குள் போய்விட்டான். இன்னாசி அசையவில்லை. என்னைப் பார்த்தான், அப்புறம் தனுஷ்கோடியைப் பார்த்தான், தனுஷ்கோடி இல்லை என்கிற மாதிரி மெல்லத் தலையை ஆட்டினான், நான் சொல்லலைப்பா என்று அர்த்தம். அந்தத் தலையாட்டலும் எனக்கு வலித்தது, பார்வையிலேயே பேசிக்கொள்கிறார்கள். நாற்காலிக்கு ஒரு படி உண்டு, ஏறித்தான் உட்கார வேண்டும். நான் படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டேன், எதற்கு நிற்கிறேன் என்று சொல்லவில்லை. அவன் படியைப் பார்த்தான். பிறகு அவன் கை என் தோளில் வந்து விழுந்தது. போன வருஷம் எடை தெரியவில்லை, இப்போது ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி தெரிகிறது, முழு ஆளும் அந்தக் கையில் இருக்கிறான், சுவரில் ஊன்றிய கையை இன்னும் அழுத்திக்கொள்கிறேன். ஏறி உட்கார்ந்துவிட்டான். கை இன்னும் எடுக்கவில்லை. நான் திரும்பாமல் கண்ணாடியில் தனுஷ்கோடியைத் தேடினேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நல்லா பாக்கட்டும்.